லைல் பிடித்த ஒரே பந்து

ஹாக்கி விளையாடும் பனித்தளத்தின் மேல் பச்சைக் கம்பளம் விரித்து, சுற்றிலும் மெத்தை கட்டிய இடுப்பளவுச் சுவரை நிறுத்தினால் அதுதான் எங்கள் ஊர் கால்பந்து மைதானம். கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற கால்பந்து. அணியின் பெயர் மியூல்ஸ். கோவேறு கழுதை என்று பெயர் வைத்துவிட்டுக் குதிரைப் பாய்ச்சலை எதிர்பார்க்கலாமா? ஒரே பருவத்தில் படுத்துவிட்டது. அங்கே பியர் விற்றவன் நான்.

லைல் வோபோரில் என்பவன் பகலில் மாட்டிறைச்சி ஆலையில் தோல் உரிப்பான். சனிக்கிழமை மாலைகளில் மியூல்ஸுக்காக முன்வரிசையில் நின்று முட்டுவான். எதிராளி உள்ளே வராமல் தடுப்பதுதான் அவன் வேலை. பந்து அவன் பக்கமே வராது. அதை எறிகிற ட்ரெவருக்குத்தான் கைதட்டல், பேர், புகழ் எல்லாம்.

லைலின் எட்டு வயது மகள் டெசாவைப் பள்ளியில் கேலி செய்தார்கள். "உங்கப்பா பந்தையே தொடாத பிளேயராமே!" அவள் அழுதுகொண்டு வந்த அன்று லைல் வாக்குக் கொடுத்தான்: "ஒரு டச்டவுன் போடறேன்டா கண்ணு. அந்தப் பந்து உனக்குத்தான். ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போயி அவங்க மூஞ்சிக்கு நேரா காட்டு."

கடைசி ஆட்டம் வந்தது. இதோடு கடையை மூடுகிறோம் என்று அணியின் முதலாளி ஒலிபெருக்கியில் அறிவித்தார். ஜனங்கள் ஆத்திரத்தில் குடித்தார்கள். நாற்பது புள்ளி பின்தங்கிக் கிடந்தபோது பயிற்சியாளர் லைலைக் கூப்பிட்டார்.

"இனிமே தோத்தா என்ன, ஜெயிச்சா என்ன? ஓடுடா, உனக்கு ஒண்ணு போடச் சொல்றேன்."

ட்ரெவர் எறிந்தான். லைல் அதை நெஞ்சோடு கட்டிக்கொண்டு எதிரணியின் கடைசிக் கோட்டுக்குள் தொப்பென்று விழுந்தான். டச்டவுன்!

அங்கேதான் அந்தப் பாவி தப்புச் செய்தான். நாலு எட்டு நடந்து மகள் கையில் கொடுத்திருக்கலாம். சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. சுவருக்குப் பின்னால் குதித்துக்கொண்டிருந்த டெசாவை நோக்கி வீசினான். சுவரைத் தாண்டிய பந்து பிடித்தவனுக்கே சொந்தம். அது எங்கள் ஆட்டத்தின் சட்டம். அவள் தலைக்கு மேலே ஒரு தடித்த கை நீண்டது. விதை வியாபாரி கர்ட்டின் கை.

லைல் சுவரருகே ஓடி வந்தான். "அண்ணே, அது பாப்பாவுக்குப் போட்டது. குடுத்துடுங்கண்ணே."

"சட்டம் தெரியாதா உனக்கு? வருஷம் பூரா தோத்தீங்க. எனக்கு இதாவது மிஞ்சட்டும்."

"குடுக்காத! குடுக்காத!" என்று கூட்டமே கத்தியது. என்னிடம் பியர் வாங்கிய அத்தனை வாயும் கத்தியது. அந்த வாய்களில் மண்ணைப் போட வேண்டும் என்றிருந்தது எனக்கு.

ஆட்டம் முடிந்ததும் ஜனங்கள் கம்பளத்தில் இறங்குவார்கள், ஆட்டக்காரர்கள் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் வழக்கம். கர்ட் பந்தோடு வந்தான். நேராக லைலிடம் நீட்டினான். லைலின் முகம் மலர்ந்துவிட்டது, பேனாவைத் தேடினான்.

"உன் கையெழுத்து எதுக்குப்பா? கெட்டியாப் புடிச்சுக்க. ட்ரெவர் எழுதணும், வழுக்குது."

லைல் பிடித்துக்கொண்டான். ட்ரெவர் தன் பெயரைப் பெரிதாக எழுதினான்.

பந்து அப்பாவின் கையில் இருப்பதை டெசா பார்த்துவிட்டாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்து, "வாங்கிட்டியாப்பா!" என்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

லைல் அவளுடைய கைகளைப் பார்த்தான். பிறகு பந்தைக் கர்ட்டிடம் கொடுத்தான்.

"தேங்க்ஸ்" என்றான் கர்ட். "ஆமா, உன் பேரு என்ன?"