மூங்கில் கூண்டுக்குள் தாத்தாவின் சட்டை

அப்போதுதான் பிளந்த பச்சை மூங்கிலுக்கு ஒரு மணம் உண்டு, வெள்ளரிப்பிஞ்சைக் கடித்தால் வருகிற மாதிரி. அந்த மணமும், டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த காக்கிச் சட்டையின் அந்துருண்டை வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறினால், இன்றைக்கும் என் கை தானாகக் கழுத்துப் பொத்தானைத் தேடும். யாங்கோனில், ஓடையைத் தாண்டித் தாகேதாவில் இருந்த எங்கள் தெரு, சுதந்திர தினத்தை எப்படிக் கொண்டாடுவது என்று ஆண்டுதோறும் சண்டை போட்டுக்கொள்ளும். அந்தச் சண்டைகளில் ஒன்றை நான் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்தபடி முழுக்கக் கேட்டேன். அப்போது எனக்குப் பத்து வயது.

ஜனவரி நாலாம் தேதி காலையில் தெருவின் இரண்டு முனையையும் மூங்கில் கட்டி அடைத்துவிடுவார்கள். சாக்கு ஓட்டம், கயிறு இழுத்தல், எண்ணெய் தடவிய கம்பத்தில் ஏறுதல் என்று விளையாட்டுகள் ஒரு பக்கம் நடக்கும். அதற்கு நடுவில் ஊ சோ போடும் நாடகம். ஊ சோ இளமையில் வெள்ளைக்காரனை எதிர்த்துத் துப்பாக்கி பிடித்தவர், இடது கால் சற்று இழுக்கும், குரல் மட்டும் இழுக்காது. நாடகத்தில் பர்மிய வீரர்களாகத் தெருப் பையன்கள் அத்தனை பேரும் கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு, மூங்கில் துப்பாக்கியோடு நிற்பார்கள். எதிரிக்குத்தான் ஆள் கிடைக்காது. எதிரி என்றால் வெள்ளைக்காரன் அல்ல, வெள்ளைக்கு எங்கே போவது? அவனுக்குச் சேவகம் செய்த இந்தியச் சிப்பாய். அதற்கு வகுப்பிலேயே உயரமான, தெருவிலேயே கறுத்த பெண்ணான நான் பிறந்தபோதே நேர்ந்துவிடப்பட்டிருந்தேன். "இந்தக் 'கலாமா' இருக்கும்போது கரி எதுக்கு?" என்று ஊ சோ சிரிப்பார். இந்தியப் பெண்ணை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் அதைப் பாசமாகத்தான் சொன்னார், அதனால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

மாட்டேன் என்று சொல்லலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் நாட்டுப்பற்று இல்லாத குடும்பம் என்பார்கள். நடித்தால் நாட்டின் எதிரி. அப்பாவின் குடியுரிமைக் காகிதம் அப்போது வட்டாரத் தலைவரின் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. நாடகத்துக்கு முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறவரும் அதே தலைவர்தான். ஆகவே நான் சிப்பாய் ஆனேன்.

அந்த வருஷம் ஊ சோ நிஜமான காக்கி வேண்டுமென்று வீடு வீடாகக் கேட்டார். துணிக்கு அவ்வளவு தட்டுப்பாடான காலத்தில் காக்கி யாரிடம் இருக்கும்? எங்கள் வீட்டில்தான் இருந்தது. அப்பா துறைமுகத்துக்கு வேலைக்குப் போயிருந்த நேரம். அம்மா, "ஒரு நாளைக்குத்தானே, போட்டுட்டுப் பதவிசா கொண்டா" என்று பெட்டியைத் திறந்துவிட்டாள். அது என் தாத்தாவின் சட்டை. அவரும் வெள்ளைக்காரனை எதிர்த்துத்தான் துப்பாக்கி எடுத்தார், ஆனால் இந்தியாவின் விடுதலைக்காக, இதே நகரத்தில் சேர்ந்த இந்தியர் படையில். வடக்கே காட்டுக்குள் போய், மலேரியாவோடு நடந்தே திரும்பி, நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனார். அந்தப் படை ஜப்பான்காரனோடு கூட்டு. கடைசியில் அதுவரை கூட இருந்த பர்மியப் படை ஜப்பான்காரன் மேலேயே திரும்பியது. அதனால் அந்தச் சட்டையை இந்த நாட்டில் எந்தப் பக்கத்துச் சட்டை என்று சொல்வது என யாருக்கும் தெரியாது. அப்பா ஊரறிய அதைப் பற்றிப் பேசியதே இல்லை. வெள்ளைக்காரனை எதிர்த்துப் போராடியவரின் சட்டை, வெள்ளைக்காரனின் சிப்பாய்க்கு வேஷம் ஆயிற்று.

முழங்கால்வரை தொங்கிய சட்டையோடு என்னைப் பிடித்துக் கூண்டில் போட்டு வெளியே கயிற்றைக் கட்டினார்கள். அடுத்து என்னைச் சுட வேண்டும். அந்த நேரம் பார்த்து, மோஹிங்கா அண்டாவுக்குப் பின்னாலிருந்து டோ மியா எழுந்து வந்தாள். தெருவுக்கே நூடுல்சும் மீன்குழம்பும் ஊற்றிக் காலைப் பசியாற்றுகிறவள். அவள் புருஷன் விடுதலைப் போரில் செத்தவர்.

"வருஷா வருஷம் பிள்ளைங்களை வெச்சுச் சுட்டுக் காட்டறியே, எதுக்கு?" என்று கரண்டியோடு கேட்டாள். "எங்க வீட்டுக்காரர் செத்ததை நான் மறந்துட்டேன்னு நினைச்சியா? விளையாட்டு வை, வயிறாரப் போடு. அவங்க அதுக்குத்தான் செத்தாங்க."

"சும்மா சோறு போட்டா, சுதந்திரமும் சும்மா வந்ததுன்னு நினைச்சுக்கும் பிள்ளைங்க" என்றார் ஊ சோ. "ரத்தம் சிந்தி வந்தது. அதைக் காட்டாம எதைக் காட்டறது?"

"காட்டு. உன் காலைக் காட்டு, போதும்."

தெரு சிரித்தது, ஊ சோவுக்கு முகம் சிவந்தது. இரண்டு பேரும் சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் எனக்குப் படுகிறது. அன்றைக்கோ கால் மரத்துப் போயிருந்தது, மூங்கில் சிம்பு முதுகில் குத்தியது, யாராவது ஜெயித்து என்னை வெளியே விட்டால் போதும் என்றிருந்தது. கடைசியில் வட்டாரத் தலைவர் எழுந்து நடுத்தீர்ப்பு சொன்னார்: சிப்பாயைச் சுட வேண்டாம், சட்டையைக் கழற்றி எரித்துவிடலாம். எல்லாரும் கைதட்டினார்கள், டோ மியா உட்பட. ஒருவன் வைக்கோலைக் குவிக்க, இன்னொருவன் கூண்டு மூங்கில் இடுக்கில் கையை விட்டு என் காலரைப் பிடித்தான். நான் இரண்டு கையாலும் பொத்தானை இறுக்கிக்கொண்டேன்.

கூட்டத்துக்குப் பின்னால் அப்பா நின்றிருந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருப்பார், சாப்பாட்டுத் தூக்கு கையில் இருந்தது. சட்டையைப் பார்த்தார், வைக்கோலைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். "அது என் அப்பாவின் சட்டை, அவரும் போராடினார்" என்று ஒரு வாக்கியம்தான். அதை அவர் சொல்லப்போகிறார் என்று நான் நம்பினேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பணிவாகக் குனிந்து, நல்ல பர்மியில் சொன்னார்:

"மன்னிக்கணும். அது எங்க வீட்டுச் சட்டை இல்ல. சலவைக்காரர்கிட்ட இரவல் வாங்கினது, திருப்பிக் குடுக்கணும்."

"யாரோடது?" என்றார் ஊ சோ.

"தெரியாதுங்க. யாரோ தெரியாத ஆளோடது."

ஊ சோ சட்டையையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பழைய படைவீரர், அந்தத் தையலை அவர் அடையாளம் கண்டிருக்கலாம். கூண்டுக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். டோ மியா சாக்கு ஓட்டத்துச் சாக்கு ஒன்றை எடுத்து வைக்கோலில் போட்டாள். அது சிப்பாயின் சட்டையாக எரிந்தது, தெரு ஆரவாரம் செய்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைத் திட்டுவார் என்று பயந்தேன். திட்டவில்லை. சட்டையைத் தானே துவைத்து, நிழலில் காயவைத்து, மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுச் சொன்னார்: "சட்டை தப்பிச்சிருச்சு. எங்கப்பாதான் போயிட்டாரு." எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம். கோழை என்று மனதுக்குள் வைதேன், பல வருஷம் வைதுகொண்டே இருந்தேன். காகிதம் கையெழுத்தாகி வந்தபோதுகூட அவர் சந்தோஷப்படவில்லை. "ஜெயிச்சவன் விழா கொண்டாடணும்னா, தோத்தவனா நிக்க ஒருத்தன் வேணும்மா" என்று மட்டும் சொன்னார்.

இப்போது எங்கள் தெருவில் ஜனவரி நாலு வந்துபோவதே தெரிவதில்லை. எண்ணெய்க் கம்பம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை, சண்டை போட ஊ சோவும் டோ மியாவும் இல்லை. எப்படிக் கொண்டாடுவது என்று நடுத்தெருவில் நின்று கத்த முடிந்ததே, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்கு யாருக்குத் தெரிந்தது! நான் வீட்டோடு தையல் வேலை பார்க்கிறேன். பின்னறையில் என் மகன், இருபத்து மூன்று வயது. பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் சட்டம் வந்ததிலிருந்து வெளியே போவதில்லை. நான் தமிழில் பேசினால் பர்மியில் பதில் சொல்வான். கூண்டுக்காவது வெளியே கயிறு கட்டினார்கள். இவன் உள்ளேயிருந்து தானே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறான். "நாளைக்கு இந்தச் சண்டைக்கும் ஒரு விழா எடுப்பாங்க இல்ல? அப்போ கூண்டுல யாரை உட்கார வைப்பாங்க?" என்று ஒரு நாள் கேட்டான்.

போன வாரம் வட்டார அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வீட்டில் வயசுப் பிள்ளைகள் உண்டா என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். பணிவாகக் குனிந்தேன், அப்பா குனிந்த அதே குனிவு.

"பிள்ளை இல்லைங்க" என்றேன் நல்ல பர்மியில். "நானும் இந்தத் தையல் மெஷினும்தான்."

வாசலில், கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஆண் சட்டையைக் காட்டி, "அது?" என்றார் ஒருவர்.

"தைக்கக் குடுத்தது. யாரோடதோ."

அவர்கள் போன பிறகும் பின்னறைத் தாழ்ப்பாள் திறக்கவில்லை. அது மெல்லிய பலகைச் சுவர், எல்லாம் கேட்டிருக்கும். சோற்றைத் தட்டில் போட்டுக் கதவடியில் வைத்துவிட்டு, பேரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று நிறுத்திக்கொண்டேன்.