ரத்தம் கொடுக்க வந்தவனுக்குப் பிரியாணி

டெங்குவில் கிடந்த என் தங்கைக்கு ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. பிளேட்லெட் எனும் தட்டணுக்கள் ஏற்றியே ஆக வேண்டும் என்றார் வேலூர் ஆஸ்பத்திரி டாக்டர். கொடுப்பவரின் ரத்தம் ஒரு மெஷினுக்குள் போகும். மெஷின் தட்டணுக்களை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு மிச்சத்தை அவர் உடம்புக்கே திருப்பி அனுப்பிவிடும். எனக்கு நரம்பு மெல்லிசாம், ஒதுக்கிவிட்டார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பி லீவு போட்டுவிட்டு ஓடிவந்தான். குரூப் சேர்ந்தது. அப்பாடா என்றிருந்தது.

"வெறும் வயித்தோட வராதீங்க, நல்லா சாப்ட்டு வாங்க" என்றார் ரத்த வங்கி டெக்னீஷியன். அதோடு நிறுத்திக்கொண்டார். ஆம்பூர்க்காரர்களிடம் சொல்கிற பேச்சா இது? என் அப்பா மைத்துனனைக் கையோடு இழுத்துப்போய் மட்டன் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். ஒரு பிளேட்டோடு விட்டாரா? போதும் போதும் என்றவனை அதட்டி இன்னொரு பிளேட்.

எங்கள் முறை வருவதற்குள் சாயங்காலமாகிவிட்டது. சோதனைக்கு எடுத்த ரத்தத்தைக் குழாயில் போட்டு வேகமாகச் சுற்றவிட்டுப் பார்த்தால், மேலே மஞ்சளாகத் தெளிய வேண்டிய நீர் பால் மாதிரி வெளுத்து நிற்கிறது.

"இன்னா சாப்ட்டீங்க?" என்றார் டெக்னீஷியன்.

மைத்துனன் பெருமையாகச் சொன்னான்.

"அவ்ளோவும் கொழுப்பு. மெஷின்ல போட முடியாது. காலைல இட்லி சாப்ட்டு வாங்க."

தலையில் அடித்துக்கொண்டேன். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா, வாயில கொழுக்கட்டையா?" என்று அவரிடம் கத்தினேன். தெரிந்த நம்பருக்கெல்லாம் போன் போட்டேன். ஒருத்தனுக்குக் காய்ச்சல், ஒருத்தன் பெங்களூரில், ஒருத்தன் போனையே எடுக்கவில்லை. மாடி வார்டில் தங்கை பஞ்சைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். மாற்ற மாற்றப் பஞ்சு சிவந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை மைத்துனன் இட்லியோடு வந்தான். பை நிறைந்தது. ஏற்றி முடித்த பிறகு, சாயங்காலத்துக்குள் கசிவு நின்றது. நின்ற பிறகுதான் எனக்குக் கோபமே முழுசாக வந்தது. வராந்தாவில் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

"உன்ன யாருப்பா கேட்டது? உன் உபசாரத்தால ராத்திரி பூரா அவ செத்துப் பொழச்சா, தெரியுமா?"

அப்பா தலை நிமிரவில்லை.

"நேத்து உங்களுக்கெல்லாம் முன்னாடி நான்தான் போய்க் கைய நீட்டினேன். வயசாயிடுச்சி, போ பெரியவரேன்னுட்டாங்க. எம் பொண்ணுக்கு நான் வேற இன்னாடா குடுப்பேன்?"