பப்பில் சமைத்த எங்கள் அக்கா

அக்காவின் ஆண்டுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரை வாங்கியிருக்கும் உங்களில் பலரிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அக்கா இங்கிலாந்தில் இருந்த காலத்தில் மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்தார் என்று சொன்னேன். அவர் வேலை செய்தது ஒரு கிராமத்து மதுச்சாலையில், அங்கே பப் என்பார்கள். அதை எழுதாமல் அவருடைய வாழ்க்கையை எழுத முடியாது.

அக்கா யாழ்ப்பாணத்துக் கரையோர ஊர் ஒன்றில் எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் அவருக்கு ஒன்பது வயது இளையவன். கடலுக்குப் போன அப்பா திரும்பாத ஆண்டில், அக்கா பள்ளிக்கூடத்தை விட்டு கன்னியர் மடத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தார். நான் படித்தது அவர் உழைப்பில். பிறகு இடப்பெயர்வு. அம்மா மன்னாரில், முகாமில், காய்ச்சலில் போனார். அக்கா முதலில் என்னைக் கனடாவுக்கு அனுப்பினார். தான் போவதற்கு வழி கிடைக்க இன்னும் இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அந்த வழி அவரைக் கொண்டுபோய் விட்டது இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நகரத்தில். அங்கே தமிழர் என்று ஒரு வீடும் இல்லை.

பக்கத்துக் கிராமத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் அறைகள் துடைக்கும் வேலை கிடைத்தது. ஒருநாள் மழையில் பஸ்ஸைத் தவறவிட்டார். அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணிநேரம். எதிரே கலப்பைப் படம் போட்ட பலகை தொங்கும் ஒரு பழைய கட்டடம் இருந்தது. மழைக்கு ஒதுங்கலாமா என்று வாசலில் நின்று கேட்டார். அந்தப் பப்பை நடத்திய மாகிரட் என்ற பெண்மணி அவரைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிப்போய், நெருப்புக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் இருத்தி, நனைந்த மேலங்கியைக் கழற்றிக் காயப்போட்டு, ஒரு கேத்தல் தேநீர் கொண்டுவந்து வைத்தார். காலடியில் ஒரு கிழட்டு நாய் படுத்திருந்ததாம். “ஒருத்தரும் என்னை ஆர், எங்கயிருந்து வந்தனி எண்டு கேக்கேல்லை. நாய் மட்டும் மணந்து பாத்திட்டுப் படுத்திட்டுது,” என்று அக்கா சொல்லிச் சிரிப்பார்.

அடுத்த கிழமை நன்றி சொல்ல ஒரு தட்டு மட்டன் ரோல்ஸ் செய்து கொண்டுபோனார். அங்கே வழமையாக வந்திருக்கும் விவசாயிகள் ஐந்து நிமிடத்தில் தட்டைக் காலியாக்கினார்கள். ஒரு மாதத்துக்குள் அக்கா அந்தச் சமையலறையில் இருந்தார். முதலில் கோப்பை கழுவினார். பிறகு மாகிரட்டிடம் பை என்ற, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடும் பண்டத்தைச் செய்யப் பழகி, அதற்குள் எங்கள் மிளகுத்தூளைக் கொஞ்சம் போட்டார். ஆள் குறைந்த நாட்களில் முன்னால் நின்று பியரும் ஊற்றினார். அவர் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. இஞ்சி பியர் என்ற சோடாவோடு சரி.

செவ்வாய்க்கிழமை அவருக்கு விடுமுறை. வயல்களுக்கு நடுவே போகும் நடைபாதைகளால் நடந்து அயலூர்ப் பப்புகளைப் பார்க்கப் போவார். கால்வாய்க்கரையில் ஒன்று, படகுக்காரர்கள் ஈரச் சப்பாத்தோடு வந்து இருப்பார்கள். செம்மறிகள் மேயும் மேட்டில் ஒன்று, அதன் உத்தரம் தாழ்வானதால் தலை அடிபடாமல் ஒரு தலையணையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய மூன்றாவதில் ஒரே ஓர் அறை, ஆறு நாற்காலி, பெரிய நெருப்பு. தனியாக வந்த ஒரு கறுத்த பெண், மூலையில் இருந்து சூப் குடித்துவிட்டு, பின்னலை எடுத்துப் பின்னலாம். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த நிம்மதி தனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

அந்த நாட்களில் நான் மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் நான்கு பேரோடு ஒரு மாடி வீட்டில் இருந்தேன். தொலைபேசி நடுக்கூடத்தில். ஒரு ஞாயிறு அக்கா பப்பிலிருந்து அழைத்தார். கூட இருந்த ஒருவர்தான் முதலில் எடுத்தார். என்னிடம் தரும்போது, “என்ன, அக்கா கள்ளுத் தவறணையில நிக்கிறாவோ?” என்று கேட்டுக் கண்ணைச் சிமிட்டினார். எனக்கு முகம் எரிந்தது.

“அக்கா, இனி அங்கயிருந்து எடுக்காதேங்கோ,” என்றேன். “ஆம்பிளையளின்ர சிரிப்புச் சத்தம் கேக்குது. இஞ்ச சனம் என்ன நினைக்கும்?”



“சரி தம்பி. பப்புக்கு முன்னாலயே ஒரு ரெலிபோன் பெட்டி இருக்கு. அதுக்குள்ள போய் எடுக்கிறன்.”

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மதிய வேலை முடிந்ததும் அந்தப் பெட்டியிலிருந்துதான் பேசினார். அன்றிலிருந்துதான் நானும் மருத்துவமனைக் கதையைச் சொல்லத் தொடங்கினேன்.

அக்காவுக்குக் கலியாணம் பேசியபோது, அந்தக் கதையைத்தான் அத்தான் வீட்டாரிடமும் சொன்னேன். அத்தான் அப்போது அதே நகரத்தில், செயின்ட்-மிஷேலில் இருந்தார், தையல் தொழிற்சாலையில் வேலை. நாற்பது வயதைத் தாண்டியும் கலியாணம் ஆகாதவர். பேச்சு ஓரளவு முற்றாகிவிட்டது. நான் சொன்னதை எப்படியோ அறிந்த அக்கா, என்னிடம் ஒன்றும் கேட்காமல் நேரே அத்தானுக்குத் தொலைபேசி எடுத்தார். மறுநாள் அத்தான் என்னைக் கோப்பிக் கடைக்குக் கூப்பிட்டார்.

“மச்சான், உங்கட அக்கா நேற்று எடுத்துக் கதைச்சவ. ‘நான் பப்பிலதான் வேலை, சமைக்கிறன், பியரும் ஊத்தியிருக்கிறன், விருப்பமில்லாட்டி இப்பவே சொல்லுங்கோ’ எண்டா.”

எனக்குத் தலை நிமிரவில்லை. “நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

“பை எண்டால் என்னெண்டு கேட்டன். அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினவ. எனக்குப் பசிச்சுப்போச்சு,” என்றார் அத்தான்.

கலியாணம் நடந்தது. அக்கா மொன்றியலுக்கு வந்து ஒரு கார்டரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சமையல் வேலை பார்த்தார். சின்னப் பிள்ளைகள் அவருடைய மரக்கறிப் பையைச் சண்டை போட்டுச் சாப்பிட்டார்கள். பிள்ளைகள் இல்லை என்ற கவலை இருவருக்கும் இருந்தது; என் மகளைத் தங்கள் பிள்ளையாகப் பார்த்துக்கொண்டார்கள். அத்தான் ஒருமுறை அக்காவை மகிழ்விக்க நகரத்துக்குள் இருக்கும் ஒரு பப்புக்குக் கூட்டிப்போனார். நாலு சுவரிலும் திரை, எல்லாவற்றிலும் ஹொக்கி. “இது பப் இல்லையப்பா, ரீவீக் கடை,” என்று அக்கா எழும்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இருவரும் இங்கிலாந்துக்கே போய் பஸ்ஸிலும் நடையிலுமாகத் திரிந்து வருவார்கள். ஒவ்வொரு முறையும் என்னையும் கூப்பிட்டார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் லீவு இல்லை.

அத்தான் மாரடைப்பால் திடீரென்று போனார். அடுத்த ஆண்டு அக்காவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. நகரத்துக்கு வெளியே டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருந்த எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தோம். முதல் சுற்று மருந்து முடிந்து உடம்பு கொஞ்சம் தேறிய நாளில் கேட்டார்:

“தம்பி, ஒருக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போவியே?”

எங்கே என்று நான் கேட்கவில்லை.

வைத்தியர் ஒரு கிழமைக்கு அனுமதி தந்தார். இங்கிலாந்தில் காரை வாடகைக்கு எடுத்து, இடப்பக்கம் ஓட்டத் தெரியாமல் நடுங்கி நடுங்கி ஓட்டினேன். அக்கா பக்கத்தில் இருந்து, “வேலியோட அணைச்சுப் பிடி, செம்மறி வரும்,” என்று வழி சொன்னார். கால்வாய்க்கரையில் இரண்டு கரண்டி சூப் குடித்தார். மேட்டுப் பப்பில் அந்தத் தலையணையை எனக்குக் காட்டினார். காட்டிய பிறகும் நான் மற்ற உத்தரத்தில் மண்டையை இடித்தேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தது வீடாக மாறி, யன்னலுக்குத் திரை போட்டிருந்தது. காரை விட்டு இறங்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “பாவம். நல்ல நெருப்பு,” என்றார்.

கடைசி நாள் கலப்பைப் பலகை தொங்கும் பப்புக்குப் போனோம். இப்போது அதை மாகிரட்டின் மகன் நடத்துகிறார். மாகிரட் ஊன்றுகோலோடு வந்து அக்காவைக் கட்டிப்பிடித்து, விடாமல் நின்றார். செய்தி எப்படிப் போனதோ, ஒரு மணிநேரத்துக்குள் அறை நிறைந்துவிட்டது. கிழவர்கள் ஒவ்வொருவராக வந்து, தொப்பியைக் கழற்றி, அக்காவின் கையைப் பிடித்தார்கள். நான் தம்பி என்று தெரிந்ததும் மாகிரட் என் பக்கம் திரும்பினார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்:

“ஞாயிற்றுக்கிழமைத் தம்பி நீதானா? மேலே என் அறையில் தொலைபேசி இருக்கிறது, அங்கே போய்ப் பேசு என்று எத்தனை தரம் சொன்னேன். கேட்கமாட்டாள். பனி கொட்டினாலும் மலை இறங்கிப் போவாள்.”

“மலை இறங்கியா?”

நான் வெளியே போய்ப் பார்த்தேன். பப்புக்கு முன்னால் பெட்டி எதுவும் இல்லை. கேட்டுக் கேட்டு இறங்கினேன். கீழே, தேவாலயத்தைத் தாண்டி நின்றது அந்தச் சிவப்புப் பெட்டி. திரும்பி ஏற எனக்கு இருபது நிமிடம் எடுத்தது. இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். அது சித்திரை மாதம், நல்ல வெயில்.

அக்கா நெருப்புக்குப் பக்கத்தில் இருந்தார். “எங்க போனனி?”

“பெட்டியைப் பாக்க. முன்னாலதான் எண்டு சொன்னனீங்கள்.”

“சொன்னனான். தூரம் எண்டால் நீ எடுக்கவே வேண்டாம் எண்டிருப்பாய். எனக்கு உன்ர குரல் கேக்கவேணும்.”

நான் நாற்காலியை இழுத்து அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். “என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா,” என்றேன்.

“நான் எப்பவோ மன்னிச்சிட்டன். நீ பொய் சொன்னது எனக்கு இல்லை, சனத்துக்கு. அவையளுக்குச் சொல்லு. எனக்கு இதில ஒரு வெக்கமும் இல்லை. நான் செத்தாப்பிறகு எண்டாலும் சொல்லு.” பிறகு என் கோப்பையைத் தள்ளி வைத்தார். “சூப் ஆறுது, குடி.”

திரும்பி வந்து மூன்று மாதம் இருந்தார். கடைசி நாட்களில் வலி கடுமையாக இருந்தது. முகம் சுளித்து ஒருவரையும் பார்த்ததில்லை. என் மகள் கையைப் பிடித்திருக்க, ஒரு காலை வேளையில் அமைதியாகக் கண்ணை மூடினார். அடக்கத்தன்று பேச எழும்பியபோதும் எனக்குத் துணிவு வரவில்லை. வாழ்ந்தார், உழைத்தார் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். அதற்கும் சேர்த்துத்தான் இந்தப் பக்கங்கள்.

அக்காவைத் தங்கள் தாயைப் போலப் பராமரித்த தாதியருக்கும், எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுக்க உடனே ஓடிவந்த பங்குத் தந்தைக்கும், மாதக்கணக்கில் கஞ்சியும் ரசமும் கொண்டுவந்த பங்குப் பெண்களுக்கும், கார்டரிப் பிள்ளைகள் வரைந்த படங்களைக் கொண்டுவந்து கட்டிலைச் சுற்றி ஒட்டிய ஆசிரியைகளுக்கும், தூர இடங்களிலிருந்து வந்து எங்களோடு நின்ற உறவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அடக்கம் நடந்த நேரத்தில், பப்பிலும் எல்லோரும் எழும்பி நின்று அமைதி காத்ததாக மாகிரட் எழுதியிருந்தார். கடிதத்தின் அடியில் இடமில்லாமல் ஓரங்களிலும் கையெழுத்துகள். அவர்களுக்கும் இந்த மலர் போகிறது. தமிழ் தெரியாதவர்கள் என்பதால் என் மகள் இதை ஆங்கிலத்தில் எழுதி உள்ளே வைப்பாள். என்னைப் பற்றிய இடங்களை மென்மையாக்கட்டுமா என்று நேற்றுக் கேட்டாள். ஒரு வரியையும் விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.