உப்புப் பூத்த சட்டை

அப்பாவின் கருநீலச் சட்டையின் முதுகில் வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்திருந்த அந்தப் பிற்பகலின் புளித்த வாடை இன்றும் என் மூக்கைவிட்டு அகலவில்லை. கம்போங் மேடானில் ஓர் அடுக்குமாடியின் ஐந்தாம் மாடியில் இருந்தோம். அப்பா ரவாங்கில் தொழிற்சாலைக் கூரைகளுக்குத் தகடு அடித்துவந்தார். பல ஆண்டுகள் குடித்தவர், அந்தத் தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்து, மாலை போட்டு, குடியை விட்டிருந்தார். அது போதாதென்று, கடைசி மூன்று நாள் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீரும் தொடுவதில்லை என்று தாமாகவே ஒரு கட்டுப்பாட்டையும் சேர்த்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் நான்கு மணிக்கே சுவரைப் பிடித்தபடி தள்ளாடி வந்தார். நாக்கு குழற, என்னை அத்தையின் பெயர் சொல்லி அழைத்தார். லோரி ஓட்டும் என் தாய்மாமா அப்போது வீட்டில் இருந்தார்.

“மாலையோட குடிச்சிட்டு வரியா, மச்சான்? சாமியவே ஏமாத்துறியா?” என்று இடுப்புவாரை உருவினார்.

முதல் அடியில் மாலை அறுந்து மணிகள் சிதறின. விழுந்தவரின் விலாவில் மாமா உதைத்தார்.

“நல்லா போடு லா, அப்பத்தான் திருந்துவாரு!” என்றார் வாசலில் நின்ற பக்கத்து வீட்டு ஆன்டி.

அம்மா தடுக்கவில்லை; குடித்த நாட்களில் அப்பாவின் கைகளால் அவர் வாங்கிய அடிகள் கொஞ்சமல்ல. அப்பா தண்ணீர் கேட்டார்.

“மொதல்ல போதை தெளியட்டும்!” என்று மாமா வாரை மீண்டும் இறக்கினார்.

நான் கண்டிருந்தேன். காலையில் கழிப்பறையில் பால் கலக்காத “கோப்பி ஓ” நிறத்தில் சிறுநீர். இப்போது வெடித்த உதடு, குழிந்த கண்கள், அத்தனை வெயிலில் வந்தும் காய்ந்த நெற்றி. குடித்த நாட்களில் அவர் வேர்த்து ஒழுகுவாரே! சொல்லத் துணிவில்லை. அவர் அசைவற்றபின்தான் கத்தினேன்: “மாமா, அப்பா வாயில சாராய வாடையே இல்ல!”

மாமா குனிந்து முகர்ந்தார். பிறகு அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஐந்து மாடியும் ஓடி இறங்கினார்.

அப்பா பிழைத்தார், அவருடைய சிறுநீரகங்கள் பிழைக்கவில்லை. தள்ளாட்டமும் குழறலும் நீர் வற்றிய உடலின் அபயக்குரலாகவும் இருக்கலாம் என்பதை அன்று எங்களில் ஒருவர் அறிந்திருந்தால் போதுமாயிருந்திருக்கும். பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் எவரேனும் தடுமாறினால், “குடிகாரன்” என்று பிறர் விலக, நான் நின்று உதட்டையும் நெற்றியையும் பார்க்கிறேன்.

அந்த அடுக்குமாடி வீடு கைமாறிவிட்டது, அப்பாவும் இல்லை. இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரித்த அந்த ஆண்டுகளில் மருத்துவர் அவருக்கு நாளொன்றுக்கு இவ்வளவே தண்ணீர் என்று வரையறுத்திருந்தார். “இன்னும் கொஞ்சம் ஊத்து, மச்சான்” என்று அப்பா கெஞ்சுவார். அளந்து கொடுத்த மாமா, ஒருநாளும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை.