இடுப்புக்கு ஏற்ற துவக்கு

துவக்கு வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது துப்பாக்கிக் குழல் எவ்வளவு நீளம் என்று. வாங்கி ஒரு கிழமை கழித்துத் திரும்பி வந்து சொல்வது இடுப்பு நோகிறது என்று.

அந்த இரண்டாவது கதையைக் கேட்பதுதான் என் தொழில். இத்தாலியில், பலெர்மோவில் ஒரு துவக்குக் கடையின் பின்னறையில் தையல் மெஷினோடு இருக்கிறேன். உத்தரவுப் பத்திரம் உள்ள நகைக்கடைக்காரர்களும் காவற்காரர்களும் கைத்துவக்கைச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுபோவார்கள். அதற்குத் தோலில் உறை தைப்பது, கோட்டின் உட்துணி தொங்காமல் தடிப்பாக்குவது எல்லாம் என் பொறுப்பு. பயந்த சுபாவத்தோடு இந்த நாட்டுக்கு வந்த சகோதரிகளே, உங்களுக்கு நாயென்றால் பயமாக இருந்திருக்கும், நாய் குளிப்பாட்டும் வேலைதான் கிடைத்திருக்கும். எனக்கும் அப்படித்தான் வாய்த்தது. ஊரில் துவக்கைக் கண்டால் நாங்கள் கட்டிலுக்குக் கீழே போவோம். இங்கே துவக்குக்கு நானே கட்டில் தைக்கிறேன். கொன்வென்ரில் மதர் எனக்குப் பூத்தையல் பழக்கினது நிச்சயமாக இதற்காக இல்லை.

மூன்று மாதத் தவணை

வேலைக்குச் சேர்ந்தபோது மகளுக்கு ஒன்றரை வயசு. என் பெர்மெசோ, அதுதான் இங்கே இருப்பதற்கான அனுமதி, முடியப் போகிறது. புதுப்பிக்க நிரந்தர வேலைக் கடிதம் வேண்டும். கடைக்காரி சிஞோரா ரொசாலியா அறுபது வயசு மனுஷி, கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவ. மூன்று மாதம் பார்த்துவிட்டுக் கடிதம் தருவேன், ஆனால் தைத்தால் மட்டும் போதாது, ஆட்களுக்குப் பொருத்திப் பார்க்கவும் வேண்டும் என்றா. நான் தலையை ஆட்டிவிட்டேன். பொருத்திப் பார்ப்பதென்றால் துவக்கைக் கையில் எடுக்க வேண்டும் என்பது அதன் பிறகுதான் மண்டைக்குள் போனது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் ஹோட்டல் குசினியில் வேலை. எதற்கும் பதறாத மனுஷன். சட்டியில் கறியைக் கிளறிக்கொண்டே சொன்னார்: "தொடாமல் பொருத்து. இத்தாலிக்காரர் எல்லாத்தையும் கையாலைதான் கதைக்கிறாங்கள், நீ வாயாலை கதை."

பருப்புத் துவக்கு

வாயால் எவ்வளவு நாளைக்குக் கதைப்பது? விலைப்பட்டியல் புத்தகத்திலிருந்த படத்தின்மேல் எண்ணெய்த்தாள் வைத்து வரைந்து, தடித்த துணியில் துவக்கு வடிவத்தில் ஒரு பை தைத்தேன். உள்ளே மைசூர்ப் பருப்பு நிரப்பினேன். பாரம் போதவில்லை. இவர் கபோச் சந்தைக்குப் போய்த் தூண்டிலுக்குக் கட்டுகிற ஈயக்குண்டு வாங்கி வந்தார். பருப்பும் ஈயமும் சேர்ந்ததும், நிறுத்துப் பார்த்தால் சாட்சாத் துவக்கேதான்.

முதல் ஆள் ஒரு நகைக்கடைக்காரர், நல்ல வயிறு. பையை முன்பக்கம் செருகிக்கொண்டு குந்தி இருந்து பாருங்கள் என்றேன்; வயிற்றில் குத்தியது. முதுகுப் பக்கம் வைத்தால் கார் ஓட்டும்போது முள்ளந்தண்டில் அழுத்துமாம். வலது இடுப்பெலும்புக்குக் கொஞ்சம் பின்னே வைக்கச் சொன்னேன். சப்பாத்துக் கயிற்றைக் கட்டச் சொன்னேன், விழுந்த சாவியை எடுக்கச் சொன்னேன். அங்கே அது பேசாமல் இருந்தது. துவக்கை வாங்குவதற்கு முதல் ஒரு நாள் இதையே இடுப்பில் வைத்துக்கொண்டு திரியுங்கள் என்று அனுப்பினேன். அவர் போனதும் சிஞோரா என்னைப் பார்த்த பார்வையில் கடிதம் கிழிகிற சத்தம் கேட்டது எனக்கு.

அடுத்த நாள் மனுஷன் வந்தார். கடை வாசலிலிருந்து என் மேசைவரைக்கும் செம்மஞ்சள் பருப்பு ஒரு கோடு. பின்னால் நின்ற சிஞோராவிடம் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "இடம் நல்ல திறம். ஆனால் சிஞோரா, என்ரை துவக்கு ஒழுகுது."

பெல்ட்டும் பிள்ளையும்

அந்தப் பையை இரட்டைத் தையல் போட்டுத் திருத்தியபின் வருகிற எல்லாருக்கும் அதைத்தான் கொடுத்தோம். சிஞோரா அதைத் தன் சொந்த யோசனை என்று சொல்லத் தொடங்கினா. நான் அதை மறுக்கவில்லை. கடிதம் வேண்டுமே.

ஒரு இளம் காவற்காரன் தாயோடு வந்தான். துவக்கு பிழை, மாற்றித்தா என்று சண்டை. இடுப்பிலே துவக்கு ஒரு பக்கம், செல்போன் ஒரு பக்கம், சாவிக்கொத்து ஒரு பக்கம். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு நூலளவில் ஒரு அழகான பெல்ட். காற்சட்டை நழுவ நழுவ, பேசுகிற ஒவ்வொரு வசனத்துக்கும் ஒருமுறை மேலே இழுத்தான். எனக்கு இது தெரிந்த வருத்தம். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறவளுக்கு, பாரத்தை எந்த எலும்பு தாங்கும், எது தாங்காது என்று யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. துவக்கை மாற்ற வேண்டாம், இரண்டு தோலை ஒன்றாக வைத்துத் தைத்த விறைப்பான பெல்ட்டும் ஒரு அளவு பெரிய காற்சட்டையும் போதும் என்றேன். உறையும் பாரமும் உள்ளே போக இடம் வேண்டுமல்லவா?

பெல்ட்டைக் கட்டி நிமிர்ந்து நின்றவனைத் தாய் மேலும் கீழும் பார்த்தா. பிறகு என் பக்கம் திரும்பினா: "ஊரைக் காக்கிறானாம். இவ்வளவு நாளும் காற்சட்டையைத்தான் காத்துக்கொண்டு நிண்டவன்."

கைப்பை

நகைகளை ஊருக்கு ஊர் கொண்டுபோய்க் காட்டுகிற ஒரு அம்மா வந்தா. கவுன்தான் போடுவாவாம், பெல்ட் கிடையாது; கைப்பைக்குள் ஒரு அறை தைத்துத் தா என்றா. அன்றுவரைக்கும் நான் வாடிக்கையாளரிடம் மாட்டேன் என்று சொன்னதில்லை. அன்று சொன்னேன். பையைக் கதிரையில் கொளுவுவோம், மறந்து வைப்போம், ஸ்கூட்டர்காரன் பறித்துக்கொண்டு போவான், எல்லாவற்றிலும் மேலாகப் பிள்ளைகள் கிண்டும். அவ நம்பவில்லை. என் கைப்பையை எடுத்து மேசையில் கவிழ்த்தேன். கடித்த பிஸ்கட், பால்போத்தல் மூடி, செபமாலை, ஒற்றைக் காலுறை, மகள் எங்கிருந்தோ களவெடுத்த கரண்டி, பெர்மெசோவின் போட்டோகொப்பி. அந்தக் கரண்டி பைக்குள் வந்தது எனக்கே தெரியாது என்றேன்.

அவ கரண்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தா. பிறகு கவுனுக்கு உள்ளே வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற அகலமான துணிப்பட்டி ஒன்று தைத்தோம். விசையை ஒன்றும் தட்டாதபடி அந்த இடத்துக்கு மட்டும் விறைப்பான தோல் வைத்தேன். கட்டிப் பார்த்துவிட்டுத் தன் கைப்பையைத் தூக்கிக்கொண்டு சொன்னா: "எனக்கு மூண்டு பேரப்பிள்ளையள். இனி இந்தப் பையை அவையள் ஆறுதலாக் கிண்டட்டும்."

ஈரத்தோல்

ஒரு வேலையிலிருந்து மட்டும் நான் தப்பிக்கொண்டே வந்தேன். உறையின் தோலை நனைத்து, உண்மைத் துவக்கின்மேல் போர்த்தி, விரலால் அமுக்கி அமுக்கி வடிவம் எடுக்க வேண்டும். பருப்புப் பை அதற்கு உதவாது. அதைச் சிஞோராதான் செய்வா. தவணை முடிகிற அன்று பார்த்து அவவின் மணிக்கட்டு வீங்கிக் கட்டுப் போட்டிருந்தது. வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு நோத்தாயோ, பத்திரம் எழுதுகிறவர். பின்னேரமே உறை வேண்டுமாம். சிஞோரா துவக்கைத் திறந்து வெறுமை என்று தான் ஒருமுறை பார்த்தா, எனக்கு ஒருமுறை காட்டினா, மேசையில் வைத்தா.

எடுத்தேன். குளிர்ந்த மீன் மாதிரி இருந்தது. அருள் நிறைந்த மரியே என்று வாய்க்குள் தொடங்கி, ஒரு செபத்துக்கு ஒரு மூலை என்று தோலை அமுக்கினேன். பத்துச் செபத்தில் உறை வடிவம் எடுத்தது. இந்தப் பிள்ளை பாடிக்கொண்டு வேலை செய்கிறா, சந்தோஷமான கடை என்று நோத்தாயோ புகழ்ந்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் சிஞோரா கதவைச் சாத்தினா. மூன்று மாதமாக நீ ஒன்றையும் தொட்டதில்லை, எனக்கு முதல் நாளே தெரியும் என்றா. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓம், பயம்தான், மன்னியுங்கோ, கடிதம் இல்லாவிட்டால் பிள்ளையோடு என்ன செய்வேன் என்று தமிழும் இத்தாலியுமாகக் கொட்டினேன். அவ மேசை லாச்சியை இழுத்துத் திறந்து, எப்போதோ தட்டச்சு அடித்து வைத்திருந்த கடிதத்தை எடுத்துப் போட்டா. பிறகு கட்டுப்போட்ட கையை உயர்த்திக் கூரையைக் காட்டினா. விளக்குக்குப் பக்கத்தில், சாந்து பூசி மறைத்தும் மறையாத ஒரு ஓட்டை.

"உனக்கு முதல் இருந்தவன் பயமே இல்லாதவன். அது அவன் செய்த வேலை. நீ கையெழுத்தைப் போடு."

ஆக, பலெர்மோவில் எந்த இடுப்பிலும் துவக்கை ஒருவர் கண்ணுக்கும் படாமல் மறைத்துத் தருவேன், என் பயத்தை மறைக்கத்தான் எனக்கு ஒரு உறையும் தைக்கத் தெரியாமற் போயிற்று.