பதிமூன்றாவது படம்

நெல்லித்தோப்பில் ஒரு சின்ன கம்பெனியில் இணையப் பக்கங்களை அழகுபடுத்துவதுதான் ஜெர்லினுக்கு வேலை. பள்ளிக்கூடத்துக் கணக்கு வகுப்பில் சைன், காஸ் என்றாலே தலைதெறிக்க ஓடியவள். "இத வெச்சு நாளைக்கு சாம்பாரா வெக்கப் போறோம்?" என்று கேட்டு வகுப்புக்கு வெளியே நின்றவள். விதி விடுமா? இப்போது அந்த இரண்டும்தான் சோறு போடுகின்றன. படங்களை வட்டமாக அடுக்க வேண்டுமா, கோணத்தைக் கொடுத்தால் போதும். பக்கவாட்டில் எவ்வளவு தள்ளுவது என்று காஸ் சொல்லும், மேலே கீழே எவ்வளவு என்று சைன் சொல்லும்.

பிப்ரவரி கடைசியில் கணவன் கிளாட்வின் மாரடைப்பில் போய்விட்டான். வயது முப்பத்தாறு. பத்தாம் நாளே ஜெர்லின் வேலைக்கு வந்துவிட்டாள். அழவில்லை. அழுத்தக்காரி என்றார்கள். அழுத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. உள்ளே மரத்துக் கிடந்தது. சாப்பிட்டாள், தூங்கினாள், அவ்வளவுதான்.

நவம்பரில் வரும் கல்லறைத் திருநாளுக்கு, அந்த வருஷம் இறந்தவர்களின் படங்களைப் பங்குக் கோயிலின் இணையப் பக்கத்தில் சிலுவையைச் சுற்றி அவள்தான் வைத்துத் தருவாள். கோயில் அலுவலகத்து லூர்துசெல்வி போன் செய்தார்.

"பன்னெண்டு போட்டோ அனுப்பிட்டேம்மா. உங்க வீட்டுக்காரரு போட்டோ உன்கிட்டதான இருக்கும். மனசு வந்தா போடு, இல்லன்னா வுட்டுடு."

வட்டத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து வேலையை முடித்தாள். மூன்று நாள் அப்படியே கிடந்தது. அவனைப் போட்டால் செத்தவர்களில் ஒருவன். போடாவிட்டால் பொய். விடிந்தால் திருநாள் என்ற நிலையில், ஏதோ கடை விளம்பரம் ஒட்டுவதுபோல அவன் படத்தையும் கடைசியில் சேர்த்தாள்.

அது முழுச் சுற்று சுற்றி, முதல் படமான பிலோமினா அம்மாள் மேலேயே போய் உட்கார்ந்தது. தொண்ணூற்றொரு வயசுக் கிழவியை மறைத்துக்கொண்டு சிரிக்கிறான் மகராசன். பிரித்த கணக்கை ஜெர்லின் மாற்றவில்லை. பன்னிரண்டு பேர் வட்டத்தில் பதிமூன்றாவது ஆளுக்கு ஏது இடம்?

கோயிலிலும் இதே கூத்துதான். பாதிப் பிரசங்கத்தில் வந்து, "கொஞ்சம் நவுந்துக்குங்க ஆயா" என்று கிழவிகளுக்கு நடுவே நுழைவான். அவளுக்கு மானம் போகும்.

பன்னிரண்டை அழித்துப் பதிமூன்று என்று அடித்தாள். கிழவி அசையவில்லை. மற்ற பதினொரு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்தார்கள். கிழவிக்குப் பக்கத்தில் கிளாட்வினுக்கு இடம் கிடைத்தது.

ஜெர்லின் போன் போட்டாள். "முடிஞ்சுதுக்கா."

"மொத்தம் எத்தினி பேரும்மா?"

திரையில் ஒவ்வொரு படமாக எண்ணினாள். "பதிமூணு பேருக்கா," என்றாள். எட்டு மாதமாக மரத்துக் கிடந்த இடத்தில் அப்போதுதான் வலித்தது.