எக்ஸ்ரே அக்கா மாற்றிச் சொன்ன முடிவு

எங்கள் தபால் வழிப் படிப்புக் கோஷ்டியில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள்: மருந்துக்கடையில் நிற்கும் நான், வெல்டிங் அண்ணன், மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் அக்கா. பாடத்தில் ஒரு பழைய காதல் நாவல் இருந்தது. வேற்று மொழி, செங்கல் கனம். ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக்கொண்டோம். அவரவர் பங்கை அகராதியோடு முட்டி மோதிப் படித்துவிட்டு, ஞாயிறு மதியம் மற்றவர்களுக்குக் கதையாகச் சொல்ல வேண்டும். கடைசிப் பங்கு அக்காவுக்கு வந்தது.

கூடுவது அக்கா வீட்டில்தான். தம்பியைத் தனியாக விட்டு வர அவருக்குப் பயம். ஏதாவது செய்துகொண்டால்?

தம்பி டைல்ஸ் பதிக்கிறவன். ஒரு பெரிய வீட்டில் தரை போடப் போய், அந்த வீட்டுப் பெண்ணிடம் மனதைப் பறிகொடுத்தான். அவளுக்கு அது தெரியுமா என்பதே சந்தேகம். அவன் பதித்த தரையில் உட்கார்ந்துதான் அவள் கல்யாணத்தைப் பேசி முடித்தார்கள். ஒரு கல் ஆடுகிறது என்று சாக்கு வைத்துப் போனவனைப் பின்வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். கூட வேலை செய்கிறவர்கள் “வாங்க மாப்பிள்ளை” என்று சிரித்தார்கள். அன்று அறைக்குள் போனவன்தான். தட்டில் சோறு கதவுக்கு வெளியே ஆறிக் கிடக்கும்.

“ஊர்ல இருக்கறவங்க நெஞ்சையெல்லாம் படம் புடிக்கிறேன். இவன் நெஞ்சுல என்ன இருக்குன்னு தெரியலையே” என்று அக்கா சிரிக்கப் பார்ப்பார். பாதியில் கண் கலங்கிவிடும்.

முதல் ஞாயிறு என் பங்கு. நாயகன் கடிகாரம் பழுது பார்ப்பவன். மாளிகைக் கடிகாரங்களுக்குச் சாவி கொடுக்கப் போய், அந்த வீட்டு மகளை நினைத்து உருகுகிறான். எனக்கு அவன்மேல் எரிச்சல்தான் வந்தது. வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளறைக் கதவு ஒரு விரற்கடை திறந்தது. நிறுத்தாதே என்று அக்கா கண்ணாலேயே கெஞ்சினார்.

அடுத்த ஞாயிறு வெல்டிங் அண்ணன் சொன்னார். விருந்துக் கூடத்திலிருந்து கடிகாரக்காரனை வெளியே தள்ளும் இடத்தில் அண்ணனே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் மேலே சொன்னார். தம்பி நிலைப்படியில் வந்து உட்கார்ந்திருந்தான், முகமெல்லாம் தாடி.

“அப்புறம் என்னாச்சு?” என்றான்.

“அடுத்த வாரம் உங்கக்கா சொல்லுவாடா.”

மறுநாளே அக்கா என் கடைக்கு வந்துவிட்டார். “கடைசியில ஏரிக்குள்ள இறங்கிடுறான்ப்பா. இத எப்படி அவன்கிட்ட சொல்றது?”

“மாத்திச் சொல்லுங்கக்கா. அவனுக்கு அந்த பாஷை தெரியாதே” என்றேன். பெரிய புத்திசாலி என்று எனக்கு நினைப்பு.

ஞாயிறன்று தம்பி குளித்துவிட்டு எங்களோடு வந்து உட்கார்ந்தான். அக்கா புத்தகத்தைப் பிரித்துவைத்து, பார்த்துச் சொல்வது போலவே சொன்னார். கடிகாரக்காரன் ஏரிக்கரை வரை போனான். திரும்பி வந்தான். வேறு ஊரில் கடை போட்டான்.

“அவ?”

“கல்யாணம் ஆயிடுச்சு.”

“இவனுக்கு மறந்துடுச்சா?”

அக்கா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மறக்கல. ஆனா இருந்தான்.”

“எப்படி இருந்தான்?”

“இருந்தான்டா. வேலைக்குப் போனான், சாப்பிட்டான்...”

“அது இல்லக்கா. காலைல கண்ணு முழிச்சதும் நெஞ்ச அடைக்குமே, அப்ப என்ன பண்ணான்?” அவன் குத்திக் கேட்கவில்லை. வழி கேட்பவன் போல அத்தனை அக்கறையாகக் கேட்டான். “அத எழுதாமயா இருப்பாங்க? அந்தப் பக்கத்தப் படி.”

அக்கா ஒரு பக்கத்தைத் திருப்பினார். இன்னொன்றைத் திருப்பினார். “இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாரும்மா” என்றார் அண்ணன், விஷயம் தெரியாமல். ஏரிக்குப் பிறகு அந்தப் புத்தகத்தில் வெறும் தாள்தான் என்று எனக்குத் தெரியும். தம்பி காத்துக்கொண்டிருந்தான். அக்காவின் கை பின்னட்டை வரை போய்விட்டது. அவர் புத்தகத்தைத் திருப்பி, முதல் பக்கத்திலிருந்து மறுபடி தேட ஆரம்பித்தார்.